நஞ்சு (பிளாசென்டா) கர்ப்பப்பையோட ஒட்டிக்கிட்டா கையால எடுத்துட முடியாதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க, அது மனசுலயே நிக்குது. முதல் குழந்தை சிசேரியன், இப்ப 28 வாரம், நஞ்சு கீழ இறங்கி பழைய தையல் மேல ஒட்டின மாதிரி இருக்கு, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம்ங்கறாங்க, நஞ்சை மட்டும் கையால பிரிச்சு எடுத்துட முடியாதா டாக்டர்னு.

பிரிக்கக் கூடாதும்மா. சாதாரணமா குழந்தை பிறந்து அரை மணி நேரத்துக்குள்ள நஞ்சு தானா கழண்டு வந்துடும், ஏன்னா அதுக்கும் கர்ப்பப்பை தசைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு லேயர் இருக்கு. சிசேரியன் தழும்புலயோ, டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டி சுத்தம் பண்றது), ஃபைப்ராய்டு கட்டி ஆபரேஷன் பண்ணின எடத்துலயோ அந்த லேயர் சரியா இருக்காது, நஞ்சு தசைக்குள்ளயே போயிடும், சிலருக்கு தசையைத் தாண்டி மூத்திரப்பை வரைக்கும். சுவத்துல வேர் விட்ட அரசங்கன்னைப் பிடுங்கினா காரையும் பேந்து வருதுல்ல, அப்படித்தான். கடைசி மாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500 மில்லிக்கு மேல ரத்தம் போகுது, பாதி பிச்சு எடுத்தா என்னாகும் பாருங்க. அதனாலதான் நஞ்சு இல்லாத எடமா பாத்து, மேல்பக்கம் கீறி குழந்தையை எடுத்து, கொடியைக் கட்டிட்டு, நஞ்சைத் தொடாம கர்ப்பப்பையோட சேத்து எடுக்கறது. இன்னொரு குழந்தை வேணும்ங்கறவங்களுக்கு சில எடத்துல நஞ்சை உள்ளயே விட்டு வைப்பாங்க, ஆனா வாரக்கணக்குல கழிச்சுக்கூட இன்ஃபெக்‌ஷன், ரத்தப்போக்கு வரலாம், விடாம ஃபாலோ பண்ணணும். எதுவா இருந்தாலும் இழுக்கக் கூடாது, அதான் முக்கியம்.

ஒரு சிசேரியன் ஆகி இந்த தடவை நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தா நூத்துல 11 பேருக்கு இப்படி ஒட்டுது, ரெண்டு ஆனவங்களுக்கு 40. அதனால பழசு எதையும் மறைக்காதீங்க. ஒரு பொண்ணு, மாமியார் பக்கத்துல நின்னதால டி அண்ட் சி பண்ணினதையே சொல்லல, அவங்களை வெளிய அனுப்பிட்டு கேட்டப்புறம்தான் மெதுவா சொல்லுச்சு, அப்புறம்தான் ரத்த ஓட்டத்தைக் காட்டற டாப்ளர் ஸ்கேன்ல அந்த எடத்தைத் தேடிப் பாத்தோம்.

சகோதரி, நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டியது எங்க பிரசவம் பாக்கறதுங்கறதுதான். ரத்த வங்கி, மயக்க டாக்டர், மூத்திரப்பையில கை வைக்க யூராலஜிஸ்ட், பச்சைக்குழந்தை ஐசியூ இதெல்லாம் ஒரே எடத்துல இருக்கணும், வலி வர வரைக்கும் காத்திருக்காம 34லேருந்து 36 வாரத்துக்குள்ள தேதி குறிச்சு செய்யறதுதான் வழக்கம். அதுக்குள்ள ஹீமோகுளோபின் ஏத்திக்கோங்க, இரும்பு மாத்திரை பத்தலன்னா ஊசியா போடுவாங்க. நடுவுல கொஞ்சம் ரத்தம் பட்டாலும், வலி இல்லன்னாலும், உடனே கிளம்பிப் போயிடுங்க.