அம்பை எத்தனை இஞ்சுக்கு வெட்டுவது?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று மானுக்கான வில் வேட்டை சீசன் தொடங்கிவிடும். புது அம்பு வாங்கக் கடைக்குப் போனால் கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வியே, "எத்தனை இஞ்சுக்கு வெட்டணும்?" என்பதுதான். பலரும் டிரா லெங்த், அதாவது நாணை இழுக்கும் நீளத்தின் எண்ணையே சொல்லிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் கூட வந்த நண்பர் வைத்திருக்கும் நீளத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான் இந்த வீடியோ. கொஞ்சம் நீளமாகவே வாங்கி வாருங்கள். ட்யூனிங், அதாவது அம்பு நேராகப் பறக்க வில்லையும் அம்பையும் சரிசெய்வதை, பார்த்துவிட்டுக் கடைசியாக வெட்டலாம்.

ஊரில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அதனால் வேட்டைப் பகுதியை நீங்கள் விட்டுவிடுங்கள். ஆனால் ரேஞ்சில் காம்பவுண்ட் வில் (நுனிகளில் கேம் என்னும் சக்கரங்கள் உள்ள வில்) பிடிக்கிறவர் என்றால் நீளம், ஸ்பைன் எனும் அம்பின் விறைப்பு பற்றிச் சொல்லும் எல்லாமே உங்களுக்கும் பொருந்தும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருகிறது, இப்போதே கற்றுக்கொள்வது நல்லது.

சரி, முதலில் அளவு. அம்பின் நீளம் என்றால் பின்நுனியில் நாண் உட்காரும் நாக் பள்ளத்தில் தொடங்கி ஷாஃப்ட், அதாவது அம்பின் தண்டு, முடியும் இடம் வரை. முனையை மாட்ட ஷாஃப்டுக்குள் ஒட்டும் இன்சர்ட்டின் விளிம்பு, முனை இரண்டும் கணக்கில் வராது. டிரா லெங்த் வேறு. அது நாணை முழுதாக இழுத்த நிலையில் கைப்பிடியின் பள்ளம் வரை அளந்து, அதோடு 1.75 இஞ்ச் கூட்டிச் சொல்லும் எண். அது உங்கள் உடம்புக்கும் வில்லுக்கும் உள்ள கணக்கு. அம்பு எங்கே முடிய வேண்டும் என்பதை, வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்ட் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு ஷாஃப்ட், இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, இரண்டிலும் 400 என்று அச்சிட்டிருக்கிறது. ஒன்று 30 இஞ்ச், இன்னொன்று 28. இரண்டு கட்டைகளின் மேல் வைத்து நடுவில் விரலால் அழுத்துகிறேன். நீளமானது சொன்னபடி கேட்கிறது, சின்னது முறைக்கிறது. 400 என்பது ஸ்பைன் எண், ஷாஃப்டைச் சோதித்த விதத்தைச் சொல்வது. 28 இஞ்ச் இடைவெளியில் தாங்கிப் பிடித்து நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் 0.400 இஞ்ச் தாழ்கிறது, அவ்வளவுதான். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். 340 என்றால் இதைவிட விறைப்பு. இந்த எண் நீங்கள் வெட்டினாலும் மாறாது. மாறுவது அம்பு நடந்துகொள்ளும் விதம். வளைவு நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும், குறையும். 30 இஞ்சை 28 ஆக்கினால் நீளம் 7 சதவீதத்துக்குள்தான் குறைகிறது, ஆனால் அதே எடைக்கு வளைவு 19 சதவீதம் குறைந்துவிடுகிறது. இரண்டு இஞ்ச்தானே என்று நினைத்தால், கையில் இருப்பது கிட்டத்தட்ட வேறு அம்பு.

நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியை அழுத்தியதும் என்ன நடக்கிறது? பின்னால் இருந்து நாண் முழு பலத்தோடு தள்ளுகிறது. முன்னால் 100 கிரெய்ன் (அம்பு எடையின் சிறிய அலகு) முனை சட்டென்று நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிய ஷாஃப்ட் வளைகிறது, நிமிர்கிறது, மறுபக்கம் வளைகிறது, அப்படியே வில்லை விட்டு வெளியேறுகிறது. இந்த வளைவின் அளவைத்தான் டைனமிக் ஸ்பைன் என்கிறோம். நீளம் கூடினால் அம்பு தளரும், முனை எடை கூடினாலும் தளரும், வில்லின் பவுண்டு, அதாவது இழுக்கத் தேவையான பலம், கூடினாலும் தளரும். வெட்டினால் விறைக்கும்.

வெட்டினால் வேகம் கூடும் என்பதற்காக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். வேட்டை ஷாஃப்ட் ஒரு இஞ்சுக்கு ஏறக்குறைய 9 கிரெய்ன் இருக்கும். ஒரு இஞ்ச் வெட்டினால் கிடைப்பது நொடிக்கு இரண்டு, மூன்று அடி. மானுக்கு அது தெரியப்போவதில்லை.

மானுக்குத் தெரிவது பிராட்ஹெட், அதாவது பிளேடுள்ள வேட்டை முனை, எங்கே போய்ப் பாய்கிறது என்பதுதான். பிளேடில்லாத பயிற்சி முனையான ஃபீல்ட் பாயிண்ட் மாட்டினால் தப்பான அம்பும் ஒழுங்காகப் பறக்கும், பின்னால் உள்ள இறகு அதை இழுத்து நேராக்கிவிடும். அகலமான நிலையான பிளேடு கொண்ட பிராட்ஹெட் அப்படி விடாது. அது முன்னால் முளைத்த இறக்கை. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் காற்றைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போகும். வெள்ளை வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 இஞ்ச் அகலம். ஒரு கை அகலம் பின்னால் தள்ளிப் போனால் வயிற்றில் பாயும். அந்த மான் பல மணி நேரம் வேதனைப்பட்டுச் சாகும், தேடினாலும் கிடைக்காமல் போகலாம். ஒரு உயிரை எடுக்கப் போகிறவன் இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் மரத்தில் ஏறிக் காத்திருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்படியானால் எவ்வளவு வரை குறைக்கலாம்? முழுதாக இழுத்த நிலையில் ஷாஃப்ட் ரெஸ்டைத் தாண்டி குறைந்தது ஒரு இஞ்ச் வெளியே இருக்க வேண்டும். நான் அதற்கு மேலும் கேட்பேன்: பிராட்ஹெட்டின் பிளேடு ரைசருக்கு (கைப்பிடி உள்ள வில்லின் நடுப்பகுதி) முன்னால் இருக்க வேண்டும். நவம்பர் குளிரில் தடித்த கையுறை போட்டிருப்போம், ஆள்காட்டி விரல் தன்னையறியாமல் மேலே எழும்பும். அந்த இடத்தில் பிளேடு இருக்கக் கூடாது. 1980களில் ஓவர்டிரா என்று ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி, குட்டை அம்பு போட்டு வேகம் பார்த்தார்கள். அம்பு ரெஸ்டுக்குப் பின்னால் விழுந்தால் பாய்வது சொந்தக் கையில்தான்.

ட்யூனிங்குக்கு வருவோம். நீளத்தைத் தொடும் முன் கையில் வேறு வழிகள் இருக்கின்றன. அம்பு விறைப்பாகத் தெரிந்தால் 100 கிரெய்ன் முனையை 125 ஆக்கலாம், அல்லது வில்லின் கைகளைப் பிடித்திருக்கும் லிம்ப் போல்டை இறுக்கிக் கொஞ்சம் பவுண்டு ஏற்றலாம். தளர்வாகத் தெரிந்தால் போல்டைத் தளர்த்தலாம். இதெல்லாம் பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய கால் இஞ்ச் திரும்பி வராது. வலது கைக்காரர் இறகில்லாத அம்பை விட்டால், அது இறகுள்ள அம்புகளுக்கு இடப்பக்கம் போய் விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் தளர்வு. ஆனால் காம்பவுண்டில் ரெஸ்டும் கேமின் சாய்வும் இதே அறிகுறியைக் காட்டும். அதனால் முதலில் வில்லைச் சரிபாருங்கள், கைப்பிடியை முறுக்கிப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள், அப்புறம் அம்பைச் சந்தேகப்படுங்கள். இவ்வளவுக்கும் பிறகும் தளர்வு காட்டினால் ஒரே ஒரு அம்பை மட்டும் கால் கால் இஞ்சாகக் குறையுங்கள். அது சரியானதும் மற்றவற்றை அதே அளவுக்கு வெட்டுங்கள். இரண்டு ஸ்பைனுக்கு நடுவில் குழப்பம் என்றால் விறைப்பான பக்கம் போங்கள், காம்பவுண்ட் வில் அதை மன்னிக்கும்.

வெட்டுவதற்கு அதிவேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரம் வேண்டும். ஹேக்ஸா, பைப் கட்டர் எல்லாம் கார்பன் நாரைப் பிளந்துவிடும். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய முனையில் கறுப்பு மார்க்கர் பூசுகிறேன். இப்போது இந்த உரசும் கருவியில் வைத்து மெதுவாகச் சுழற்றுகிறேன். பாருங்கள், ஒரு பக்கம் மை போய்விட்டது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது. வெட்டிய முனை ஷாஃப்டுக்குச் செங்குத்தாக இல்லை என்று அர்த்தம். இப்படியே இன்சர்ட்டை ஒட்டினால் பிராட்ஹெட் கோணலாக உட்கார்ந்து சுழலும்போது ஆடும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் உதவாது. சுற்றிலும் மை போகும்வரை சுழற்றுங்கள். முடித்ததும் ஷாஃப்டை லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடப்பு கேட்டால் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, அம்புகளுக்கு எண் எழுதி ஒவ்வொன்றையும் பிராட்ஹெட்டோடு விட்டுப் பாருங்கள். எல்லாமே ஃபீல்ட் பாயிண்ட் குழுவுக்கு இடப்பக்கம் போனால் ரெஸ்டை வலப்பக்கம் மயிரிழை நகர்த்துங்கள், வலப்பக்கம் போனால் இடப்பக்கம். ஒன்று மட்டும் தனியாகப் போனால் அதன் நாக் பகுதியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி விடுங்கள். அதற்கும் மசியாத அம்பு பயிற்சிக்கு மட்டும், காட்டுக்கு வேண்டாம். என்னிடம் சந்தேகம் கேட்பவர்கள் வில்லின் பவுண்டு, டிரா லெங்த், முனை இல்லாமல் ஷாஃப்டின் நீளம், முனையின் எடை, இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பைன் எண்ணை மட்டும் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது.