52இல் 27 போனால் 35

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆசிரிய நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பலகையில் ஒரு கணக்கு எழுதியிருக்கிறேன். 52 – 27. பக்கத்திலேயே விடையாக 35 என்றும் எழுதியிருக்கிறேன். நம் வகுப்பு நோட்டுகளில் இந்த 35ஐப் பார்க்காதவர்கள் இந்த அறையில் இருக்க மாட்டீர்கள். சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்போம். நானும் பல வருஷம் அப்படித்தான் திருத்தினேன்.

ஒரு நாள், இப்படி எழுதிய ஒரு சிறுமியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எப்படிம்மா போட்டே?" என்று கேட்டேன். அவள் உடனே ரப்பரை எடுத்தாள். "அழிக்காதே, போட்டதைச் சொல்லு" என்றேன். "பெருசுலேருந்துதானே சார் சின்னதைக் கழிக்கணும்? ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு" என்றாள்.

பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும் என்று அவளுக்குச் சொன்னது நாம்தான். ஒன்றாம் வகுப்பில் சொன்னதை மூன்றாம் வகுப்பு வரை மறக்காமல் வைத்திருந்தாள். கவனமாகக் கேட்ட பிள்ளைக்குத்தான் அன்று பூஜ்யம் கிடைத்தது. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அப்புறம் இந்தக் 'கடன் வாங்குதல்'. "எப்ப சார் திருப்பிக் கொடுப்போம்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கே யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். 52 என்பது ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி எடுக்க உதிரி போதவில்லை, ஒரு கட்டைப் பிரிக்கிறோம். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. கையில் இருப்பது அதே 52தான். 'கட்டைப் பிரித்தல்' என்றே சொல்லுங்கள். பிள்ளை தன் கையால் ரப்பர் பேண்டைக் கழற்றட்டும். ஒரு வாரம் குச்சியிலேயே நின்றாலும் பரவாயில்லை, பாடம் முடியவில்லையே என்று பதற வேண்டாம்.

சரி, மதிப்பீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2012–13இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடும் வந்தது. நூற்றில் அதற்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60. 'வளரறி' எவ்வளவு நல்ல சொல்! வளரும்போதே அறிவது. ஆனால் பல இடங்களில் அது பதிவேட்டில் கட்டம் நிரப்புகிற வேலையாகிவிட்டது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று படிப்படியான நிலைகள் வந்தன. பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது சரியான வழி, அதை நான் மனதார வரவேற்கிறேன். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கூட்டலில் மலராக இருக்கும் பிள்ளை கழித்தலில் அரும்பாக இருக்கலாம்.

பத்துக்கு ஆறு வாங்கிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அவசரத்தில் அங்கங்கே நாலு கணக்கை விட்டிருக்கிறான். இன்னொருவன் கட்டைப் பிரிக்க வேண்டிய நாலு கணக்கையும் விட்டிருக்கிறான். பதிவேட்டில் இருவருமே ஆறுதான். முதல் பையனுக்குப் பாடமே தேவையில்லை, இரண்டாமவனுக்குக் குச்சிக் கட்டு தேவை. இதை மதிப்பெண் சொல்லாது, அவன் எழுதிய விடைதான் சொல்லும்.

இதேபோல் நூற்று ஏழை 1007 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்ததை எழுதுகிறது. முதலில் நூறு, பிறகு ஏழு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. நம் மொழியிலேயே இருக்கும் இந்தச் சிக்கலை நாம் முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டாமா? இடமதிப்பு அட்டைகளை அடுக்கி, 100இன் கடைசி பூஜ்யத்தின் மேல் 7 உட்காருவதைக் காட்டினால் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1985இல் வந்தது. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. பிறகு அதே மாதிரிக் கணக்குகளை எண்களாக மட்டும் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு சிறுவனிடம் கேட்டார்கள். மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இன்னும் மூன்றுக்கு 315, ஒன்று சேர்த்தால் 350 என்றான். பூஜ்யம் சேர்க்கும் வழி அவனுக்குத் தேவைப்படவில்லை. நம் ஊர்ச் சந்தையில் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து மீதிச் சில்லறை கொடுக்கும் பிள்ளையும் நம் வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் வாயால் சொல்லும் கணக்கையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு மூன்றாம் வகுப்பில் மூன்று கணக்கு கொடுங்கள்: 58 – 23, 52 – 27, 60 – 24. கடைசிக் கணக்குக்கு ஒரு பிள்ளை 44 என்று எழுதும், பெரியதிலிருந்து சின்னதை எடுத்திருக்கிறது. இன்னொன்று 40 என்று எழுதும், பூஜ்யத்தில் எடுக்க ஒன்றும் இல்லை, அதனால் பூஜ்யம் என்று முடிவு செய்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்த முடியாது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே நோட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பதிவேடு வேண்டாம், அந்த நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். வணக்கம்.