பாதாளச் சாக்கடை: 30 ஆண்டுக் கணக்கில் எதைப் பெரிதாகக் கட்டணும், எதைக் கட்டக்கூடாது?

(திரையில்: வளரும் ஒரு நகராட்சியின் வான்வழிப் படம். நடுவில் பழைய தெருக்கள், ஓரத்தில் புது மனைப் பிரிவுகள்.)

தெருவில் போட்ட குடிநீர்க் குழாய் போதவில்லை என்றால் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். பாதாளச் சாக்கடையில் அது நடக்காது. நாலைந்து மீட்டர் ஆழத்தில், நீர் தானே ஓடும்படி வாட்டம் (சரிவு) பார்த்துப் பதித்த குழாய் அது. மாற்ற வேண்டும் என்றால் தெருவை மறுபடி பிளக்க வேண்டும். அதனால்தான் குழாய்களுக்கு 30 ஆண்டுக் கணக்குப் போடுகிறோம்.

ஆனால் அதையே சாக்காக வைத்து குழாய், பம்பு, சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் 30 ஆண்டு கழித்து வரப்போகும் மக்கள்தொகைக்குக் கட்டினால், திறந்த முதல் வருடமே அடைப்பும் நாற்றமும்தான் மிஞ்சும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் வேறு, அளவு வேறு. இதை ஒரு மாதிரி ஊரை வைத்துக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

(திரையில்: 1991 – 30,000. 2001 – 36,000. 2011 – 45,000.)

இவை நம் மாதிரி ஊரின் மூன்று கணக்கெடுப்புகள். 30 ஆண்டுக் கணக்கின் கடைசி ஆண்டான 2056-இல் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?

பத்தாண்டுக்குச் சராசரியாக 7,500 பேர் கூடியிருக்கிறார்கள். அப்படியே நீட்டினால் 2056-இல் சுமார் 79,000. சதவீதமாகப் பார்த்தால் முதலில் 20, பிறகு 25. அந்த விகிதத்தின் பெருக்குச் சராசரியில் போனால் சுமார் 1,12,000. கூடுதலே கூடிக்கொண்டு போகிறது என்று எடுத்துக்கொண்டால் சுமார் 1,16,000. கையில் இருப்பது அதே மூன்று எண்கள். விடையில் மட்டும் 37,000 பேர் வித்தியாசம்.

எந்த முறை சரி என்று சூத்திரம் சொல்லாது, ஊர்தான் சொல்லும். புறவழிச்சாலை வருகிறதா, பக்கத்தில் தொழிற்பேட்டை இருக்கிறதா, வீட்டுமனையாக மாற இன்னும் நிலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்ணை வைத்தே பல திட்ட அறிக்கைகள் தயாராகின. அப்படிச் செய்யும்போது சொத்துவரி விதிப்பு எண்ணிக்கை, மின் இணைப்புகள், குடும்ப அட்டைகள் மூன்றையும் வார்டு வாரியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். வார்டு வாரியாக என்பது முக்கியம். நடு ஊர் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. வளர்ச்சி எல்லாம் ஓரத்தில்தான். மொத்த வளர்ச்சியை எல்லா வார்டுக்கும் சமமாகப் பிரித்தால் கடைத்தெருவில் தேவையில்லாத பெரிய குழாயும், புது நகர்களில் போதாத குழாயும் விழும்.

நம் ஊருக்கு இன்று 60,000, 2041-இல் 82,000, 2056-இல் 1,10,000 என்று வைத்துக்கொள்வோம்.

(திரையில்: 135 லிட்டர் × 80% = 108 லிட்டர்)

பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் தர வேண்டும் என்பது இந்தியாவில் நடைமுறையில் உள்ள அளவுகோல். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று எடுத்தால் ஆளுக்கு 108 லிட்டர். இன்றைக்கு 65 லட்சம் லிட்டர், 2041-இல் 89 லட்சம், 2056-இல் 1 கோடியே 19 லட்சம்.

அந்த 135 வெறும் சம்பிரதாய எண் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் ஊரில் வீடுகள் கழிவறைக்கு அளந்துதான் ஊற்றும். மலம் அதே அளவு வரும், அதைத் தள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் இருக்காது. குடிநீர்த் திட்டம் முடியாத ஊரில் சாக்கடைக் குழாயை முதலில் போடுவது, அடைப்பை நாமே காசு கொடுத்து வாங்குவது.

அடுத்தது உச்சநேரப் பெருக்கு. கழிவுநீர் நாள் முழுதும் ஒரே சீராக வராது. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் கொட்டும். 20,000 பேர் வரையிலான பகுதிக்குச் சராசரியைப் போல 3 மடங்கு, 50,000 வரை 2.5, அதற்கு மேல் ஏழரை லட்சம் வரை 2.25. மக்கள் கூடக் கூட மடங்கு குறையும், ஏனென்றால் எல்லோரும் ஒரே நிமிடத்தில் குளிப்பதில்லை. 2056-இல் நம் ஊரின் கடைசிக் குழாயில் உச்சநேரத்தில் நொடிக்கு 309 லிட்டர் வரும்.

(திரையில்: தெருவின் குறுக்குவெட்டு. குழாயின் அடியில் மெல்லிய நீரோட்டம்.)

இனி குழாய்க்கு வருவோம். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

கழிவுநீரில் மணலும் மலமும் சேர்ந்தே வரும். அவை அடியில் தங்காமல் இருக்க, ஆரம்ப ஆண்டுகளின் உச்சநேரத்திலாவது நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். தானே கழுவிக்கொள்ளும் வேகம் இது. 3 மீட்டரைத் தாண்டினால் மணல் குழாயை அரிக்கும். குழாயும் முழுக்க நிரம்பி ஓடக்கூடாது. விட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு உயரம் வரைதான். மேலே காற்று போக இடம் வேண்டும்.

இப்போது 40 வீடுகள் உள்ள ஒரு கடைக்கோடித் தெரு. வீட்டுக்கு நாலு பேர், மொத்தம் 160 பேர். உச்சநேரத்திலும் நொடிக்கு 0.6 லிட்டர்தான் வரும். 200 மில்லிமீட்டர் குழாயை 1,000 மீட்டருக்கு 6 மீட்டர் வாட்டத்தில் பதித்தாலும் அதில் ஓடும் நீரின் ஆழம் சுமார் 2 சென்டிமீட்டர், வேகம் சுமார் 0.3 மீட்டர். அதாவது தெருவின் தலைமாட்டில் நாம் கேட்கும் வேகம் கிடைக்கவே கிடைக்காது. அங்கே வாட்டத்தைக் கூட்டிக் கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் வேலையைப் பராமரிப்பு அட்டவணையில் முதல் நாளிலிருந்தே எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி வரும். “200-க்குப் பதில் 300 மில்லிமீட்டர் போடுங்கள், எதிர்காலத்துக்கும் ஆச்சு, 500-க்கு 1 வாட்டம் போதும், தோண்டும் ஆழமும் குறையும்.” கணக்கில் இது சரியாகத் தெரியும். 300 குழாய் நிரம்பி ஓடினால் அந்த வாட்டத்தில் 0.6 மீட்டர் வேகம் வரும். ஆனால் அது நிரம்ப நொடிக்கு 43 லிட்டர் வேண்டும். நம் தெருவில் வருவது 0.6 லிட்டர். உண்மை வேகம் 0.2 மீட்டருக்குத் தேய்ந்துவிடும். பெரிய குழாய் சீக்கிரம் அடைக்கும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அதுதான் நடக்கும். வடிவமைப்பு அட்டவணையில் ‘நிரம்பிய நிலை வேகம்’ மட்டும் இருந்து, ‘ஆரம்ப ஆண்டு உச்சநேர வேகம்’ என்ற பத்தி இல்லாவிட்டால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

நொடிக்கு 2 லிட்டர் வரும் இடத்தில் 1,000-க்கு 6 வாட்டம் வேண்டும். 10 லிட்டர் வந்தால் 2 போதும். 30 லிட்டர் வந்தால் 1. ஆகவே சின்னத் தெருக்களைச் சீக்கிரமே ஒன்றுசேர்த்து நீரைக் கூட்டினால், கீழே போகப் போக வாட்டத்தைக் குறைத்து ஆழத்தை மிச்சப்படுத்தலாம். தனித்தனியே நீளமாக இழுத்தால் 600 மீட்டரிலேயே 3.6 மீட்டர் ஆழம் கூடிவிடும். நாகப்பட்டினம் போன்ற சமதளக் கடலோரத்தில் இரண்டு மீட்டர் தோண்டினாலே நிலத்தடி நீர் ஊறும். அங்கே பக்கவாட்டுத் தடுப்புப் பலகை, இரவு பகலாக நீரிறைப்பு என்று செலவு மீட்டருக்கு மீட்டர் ஏறும். ஐந்தாறு மீட்டரைத் தாண்டும் இடங்களில் நடுவே கழிவுநீரைப் பம்பு வைத்து மேலே தூக்கிவிடும் ஒரு சிறு ஏற்று நிலையம் வைப்பது மலிவா என்று ஒப்பிட்டே ஆக வேண்டும்.

இவ்வளவும் நில மட்ட அளவை சரியாக இருந்தால்தான். 1,000-க்கு 2 வாட்டத்தில் 10 சென்டிமீட்டர் மட்டப் பிழை என்பது 50 மீட்டர் குழாயின் வாட்டத்தையே விழுங்கிவிடும்.

(திரையில்: மேன்ஹோல், ஜெட் ராடிங் வண்டி.)

மேன்ஹோல் பற்றிச் சுருக்கமாக. திசை, வாட்டம், விட்டம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், குழாய்கள் சேரும் இடத்திலும், நேரான ஓட்டத்தில் சுமார் 30 மீட்டருக்கு ஒன்றும் வேண்டும். சேரும் குழாய் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரத்தில் வந்தால் நீர் உள்ளே அருவியாகக் கொட்டக் கூடாது. செங்குத்துக் குழாய் வழியாக இறக்க வேண்டும். சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்க்குக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் உயிரைக் குடிக்கும். ஆகவே நீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட் வண்டி எந்தச் சந்து வரை போகும் என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். வண்டி நுழையாத சந்துக்குச் சிறிய இயந்திரம் வாங்கும் செலவு திட்ட மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் அந்தச் சந்தில்தான் ஒரு மனிதர் இறக்கப்படுவார்.

அதே வாயு குழாயையும் தின்னும். தேங்கிய கழிவுநீரிலிருந்து கிளம்பி, குழாயின் மேல்வளைவு ஈரத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டை மேலிருந்து கரைக்கும். அடிப்பாகம் புதிதாகவே இருக்கும். ஒரு நாள் சாலை உள்வாங்கும்போதுதான் தெரியும். பம்பு தள்ளும் கழிவுநீரைக் கொண்டுவரும் நீண்ட உந்து குழாய் வந்து கொட்டும் முதல் சில மேன்ஹோல்களில் இது கடுமை. அங்கே அமிலம் தாங்கும் உட்பூச்சோ பிளாஸ்டிக் வகைக் குழாயோ வேண்டும்.

(திரையில்: மொட்டைமாடி மழைநீர்க் குழாய் சாக்கடையில் இணைந்திருக்கும் படம்.)

மழையைக் கணக்கில் பாருங்கள். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் 5,000 லிட்டர். அந்த வீட்டின் நாலு பேர் ஒரு நாளில் விடும் கழிவுநீர் 432 லிட்டர். பதினோரு நாளைக்கு மேற்பட்ட கழிவுநீர் ஒரே மணி நேரத்தில் வருகிறது. மழைநீரைச் சாக்கடையில் சேர்த்த வீடுகள் ஒரு தெருவில் பத்து இருந்தாலே தாழ்வான வீட்டுக் கழிவறையில் நீர் எதிர்த்து ஏறும். வீட்டு இணைப்புக் கொடுக்கும் அன்றே மாடிக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவதுதான் சுலபம். பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.

(திரையில்: உந்து நிலையத்தின் குறுக்குவெட்டு.)

கழிவுநீரைச் சேர்த்துப் பம்பு வைத்துத் தள்ளும் இடம்தான் உந்து நிலையம். அதன் கட்டடத்துக்கு 30 ஆண்டு, மோட்டார்களுக்கு 15 ஆண்டு. 2056-க்கான மோட்டாரை இன்றே வாங்கினால் அது சற்றைக்கொரு முறை ஓடி நின்று கெடும். சேகரிப்புக் கிணற்றில் கழிவுநீர் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 2056-இன் அரைமணி நேர அளவு சுமார் 2.5 லட்சம் லிட்டர். முதல் வருடம் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள்தான் இணைந்திருக்கின்றன என்றால், அந்தக் கிணறு நிரம்ப நாலரை மணி நேரம் ஆகும். அதற்குள் அழுகிவிடும். ஆகவே கிணற்றை முழு அளவில் கட்டினாலும், மோட்டார் தொடங்கும் மட்டத்தை ஆரம்பத்தில் தாழ்வாக வைத்து, வரத்து கூடக் கூட உயர்த்த வேண்டும். மோட்டார்களைச் சிறியதும் பெரியதுமாகப் பிரித்து வாங்க வேண்டும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இல்லாத உந்து நிலையம், பக்கத்து வாய்க்காலுக்குக் கழிவுநீர் விடும் நிலையம் என்றே அர்த்தம்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலத்தை மட்டும் 2056-க்கு இன்றே வாங்குங்கள். சுற்றிலும் வீடுகள் வந்த பிறகு நிலம் கிடைக்காது. கட்டுவது அலகு அலகாக இருக்கட்டும். நம் ஊருக்கு 30 லட்சம் லிட்டர் அலகுகள் நாலு: மூன்று 2041 வரை, நாலாவது அதற்குப் பின். அந்த மூன்றிலும் முதலில் இரண்டை இயக்கி, இணைப்பு ஏறும் வேகத்தைப் பார்த்து மூன்றாவதைச் சேர்க்கலாம். 1.2 கோடி லிட்டருக்கு ஒரே தொட்டியாகக் கட்டிவிட்டு முதல் வருடம் 13 லட்சம் லிட்டர் மட்டும் வந்தால், கழிவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இரையில்லாமல் சாகும். காற்றூதிகளின் மின் கட்டணம் மட்டும் ஏறும்.

வெளியே வரும் நீரை யார் வாங்குவார்கள் என்பதையும் இடம் தேர்வு செய்யும்போதே பார்க்க வேண்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை, அதாவது வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகும் இன்னொரு படி சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அத்தனை நன்னீர் குடிநீருக்கு மிஞ்சுகிறது.

எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை தேவை என்றும் இல்லை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பேரூராட்சிக்கு ஒழுங்கான செப்டிக் டேங்க், மூன்றாண்டுக்கு ஒரு முறை கசடு எடுப்பு, அதைச் சுத்திகரிக்கும் நிலையம் என்பதே பொருந்தும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் அப்படி ஒரு நிலையம் இயங்குகிறது.

(திரையில்: பணி வரிசை.)

பணி வரிசையும் அளவைப் போலவே முக்கியம். நிலையத்துக்கும் உந்து நிலையத்துக்கும் நிலம் கைக்கு வந்த பிறகுதான் குழாய் டெண்டர். தாழ்வான முனையிலிருந்து மேல் நோக்கிப் பதிக்க வேண்டும். நிலம் வழக்கில் கிடக்க, தெருக்களில் முன்கூட்டியே புதைத்த குழாய்கள் ஆண்டுக்கணக்கில் மண்ணேறிக் கிடக்கும். ஆழமான சாக்கடை முதலில், பிறகு குடிநீர், மழைநீர் வடிகால், கடைசியில் சாலை. குடிநீர்க் குழாய் எப்போதும் சாக்கடைக்கு மேலே, முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் குடிநீர்க் குழாய் காலியாகும்போது, சுற்றியுள்ள கசிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். பள்ளத்தை மூடும் முன் மேன்ஹோலுக்கு மேன்ஹோல் நீர்ச் சோதனை. மண்ணை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக இடித்து நிரப்பாவிட்டால் அடுத்த மழையில் தெரு அமிழும்.

வீட்டு இணைப்பைக் கடைசி வேலையாக விடாமல், ஒவ்வொரு தெருவும் முடிந்து நிலையம் இயங்கத் தொடங்கியதும் அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே மூச்சில் கொடுங்கள். முன்வைப்புத் தொகையைத் தவணையாக்கினால் தயங்கும் வீடுகளும் சேரும்.

நிலையத்தின் நுழைவாயிலில் நீரளவு மானி வையுங்கள். தினசரி வரத்தையும் இணைப்பு எண்ணிக்கையையும் மாதம் தவறாமல் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை நாம் போட்ட வளர்ச்சிக் கோட்டோடு ஒப்பிடுங்கள். வரத்து இயங்கும் அலகுகளின் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தொட்டதும் அடுத்த அலகுக்கு டெண்டர் விட வேண்டும். கட்டி முடித்து நுண்ணுயிர் வளர்த்து ஓட்டுவதற்குள் மீதி 20 சதவீதம் நிரம்பிவிடும்.