தட்டைத் துடைத்து அனுப்பிய குற்றம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். பாரிஸ் உணவகங்களின் தரம் தாழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் சமைப்பவரா, சாப்பிடுபவரா என்பது இன்றைய கேள்வி. சாப்பிடுபவரே என்று சொல்ல வந்திருக்கிறேன். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இந்த நகரத்துச் சமையலறைகளில் கோப்பை கழுவித் தொடங்கிக் கரண்டி பிடிக்கும் இடத்துக்கு வந்தவர்கள் என்பதால், என் அணிக்குக் கைதட்டல் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிரணித் தலைவர் கேலி செய்தார். ஆனால் நான் குற்றம் சாட்டப் போவது என்னையும் சேர்த்துத்தான்.

என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு பிஸ்த்ரோ, அதாவது எளிய சிறு உணவகம், இருந்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. கரும்பலகையில் ஆறே உணவுகளைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருப்பார்கள். நான் போனதெல்லாம் வெங்காய சூப்புக்காக. வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, வெண்ணெயில், மெல்லிய நெருப்பில், பொறுமை இழக்காமல் முக்கால் மணிநேரத்துக்கு மேல் வதக்கினால்தான் அதற்கு அந்தப் பழுப்பு நிறமும் அடிநாக்கில் நிற்கும் இனிப்பும் வரும். பிறகு எலும்புச் சாறு, அதன்மேல் காய்ந்த ரொட்டித் துண்டு, அதன்மேல் துருவிய பாலாடைக்கட்டி, கடைசியாக மேல்சூட்டில் பொன்னிறமாகும் வரை ஒரு வாட்டல். ஒரு குளிர்காலத்தில் அந்தக் கரும்பலகை காணாமல் போய், படங்கள் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்ட நான்கு பக்கப் பட்டியல் மேசைக்கு வந்தது. சூப்பில் உப்பும் இனிப்பும் இருந்தன. வெங்காயம் மட்டும் வெந்து வெளுத்த நார்போல மிதந்தது. மேலிருந்த பாலாடைக்கட்டி ரப்பர்போல இழுபட்டது. தட்டை எடுக்க வந்த பணியாளர் வழக்கம்போல "எல்லாம் நன்றாக இருந்ததா?" என்று கேட்டார். நானும் வழக்கம்போல "த்ரே பியன், மெர்சி", மிக நன்று, நன்றி என்றேன். அந்த ஆண்டில் ஏழு தடவை போனேன், ஏழு தடவையும் அதையே சொன்னேன்.

எதிரணியினர் வரிக் கணக்கை எடுத்து வைத்தார்கள். 2009 ஜூலை 1ஆம் திகதி உணவக வரி 19.6 வீதத்திலிருந்து 5.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. விலையைக் குறைப்போம், ஆட்களைச் சேர்ப்போம் என்று உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். வாக்களித்த அளவுக்கு விலை இறங்கவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் சட்டைப்பைக்கு நேர்ந்த கதை. வெங்காயம் ஏன் வதங்காமல் போனது என்பதற்கு அதில் விடை இல்லை.

அடுத்து, காற்று நீக்கிய பிளாஸ்டிக் பொதியில் வைத்துச் சமைக்கும் முறைதான் கேட்டுக்கு வேர் என்றார் ஒரு நண்பர். அந்த முறை பிரெஞ்சு உயர்சமையலில் காலூன்றியது எங்கே? ரோவான் நகரத்து துருவாக்ரோ உணவகத்தில், 1974இல், ஜோர்ஜ் பிரலு என்ற சமையற்கலைஞர் வாத்தின் ஈரல் சமைக்கையில் கொழுப்பு உருகி எடை குறையாதிருக்க அதைச் செய்து பார்த்தபோது. அது அப்போதே மிஷலன் உணவக வழிகாட்டியின் அதியுயர் தரமான மூன்று நட்சத்திரங்களைப் பெற்ற உணவகம். உணவை மேம்படுத்த வந்த பொதி, உணவுக்கே பதிலாக வந்து உட்கார்ந்தது என்றால், அதற்கு இருக்கை போட்டுக் கொடுத்தவர் யார் என்றுதான் நாம் கேட்க வேண்டும். மதிய வேளையில் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள், குறைந்த விலையில், நாற்பது உணவுகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும் என்று விரும்பியவர்கள் நாம். சமையலறையில் மூன்று பேர் நிற்கிறார்கள். மூன்று பேர் நாற்பது உணவைப் புதிதாகச் சமைக்க முடியாது என்பது, வீட்டில் ஒரு நாள் விருந்து வைத்தவருக்கே தெரியும்.

அரசு நமக்கு ஒரு கருவியைக் கொடுத்தது. சமையற் சட்டியின் மேல் வீட்டுக்கூரை போன்ற மூடியுடைய அடையாளம் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த இடத்திலேயே, பதப்படுத்தாத பொருள்களிலிருந்து சமைத்த உணவுக்கே அது உரியது. உறைய வைத்த காய்கறிக்கும் இடம் கொடுத்த ஓட்டைச் சட்டம் என்பார்கள். இருக்கட்டும். அந்த அடையாளத்தைத் தேடிப் பார்த்து உணவு கேட்டவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். நடுவர் அவர்களே, மூன்று கைகள். அதில் ஒன்று எதிரணியுடையது.

இதே நாட்டில் ரொட்டியின் கதையைப் பாருங்கள். இயந்திரத்தில் அவசரமாகப் பிசைந்த, சுவையற்ற வெள்ளை ரொட்டி பல ஆண்டுகள் கடைகளை நிறைத்திருந்தது. 1993 செப்டம்பரில் வந்த ஆணை, 'திரதிசியோன்' (மரபு முறை ரொட்டி) என்று பெயர் சொல்லி விற்கும் ரொட்டியின் மாவை எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது, செயற்கைச் சேர்க்கைகள் கூடாது என்றது. அதுவும் சட்டம், சட்டி அடையாளமும் சட்டம். ஆனால் இன்று பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் காய்கறிப் பையோடு நிற்கும் நம் அம்மாவும் வெதுப்பகத்துக்குள் போய் "ஒரு திரதிசியோன் தாருங்கள்" என்று வாயால் கேட்கிறார். ரொட்டி மீண்டது அந்தக் கேள்வியால்.

எதிரணிச் சகோதரி, புகழ்பெற்ற பிரெஞ்சு சமையற்கலைஞர் போல் போக்கூஸின் உணவகம் 1965 முதல் வைத்திருந்த மூன்று நட்சத்திரங்களில் ஒன்றை, அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 2020 ஜனவரியில் இழந்ததைச் சொல்லிச் சமையலறையைச் சாடினார். அருமையான எடுத்துக்காட்டு, ஆனால் அது எனக்கு உரியது. அங்கே குறையைக் கண்டவர் யார்? தன்னை யாரென்று சொல்லாமல் வந்து, காசு கொடுத்துச் சாப்பிட்டு, உள்ளதை எழுதி வைத்த மிஷலன் சோதகர். அவரும் சாப்பிடுபவர்தானே, அம்மா! இடித்துரைப்பார் இல்லாத அரசன் தானே கெடுவான் என்று அறிந்த மொழிக்காரர்கள் நாம். அடுப்படி அரசனுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாதா?

ஏழாவது தடவை நான் வெளியே வந்தபோது, பின்வாசலில் புகைத்துக்கொண்டு நின்றவர் தமிழில் பேசினார். அந்தச் சமையலறையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்பவர். சூப் ஏன் இப்படி ஆயிற்று என்று அவரிடம் மட்டும் துணிந்து கேட்டேன். அவர் சொன்னார்: "அண்ணை, பொதியிலை வாற சூப்புக்கும் நீங்கள் த்ரே பியன் எண்டுதானே சொல்லிப்போட்டுப் போறியள். பிறகேன் நீ நிண்டு வெங்காயம் வதக்கிறாய் எண்டு முதலாளி கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?"

நடுவர் அவர்களே, அவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. என் அணியின் வாதம் அதுதான்.