மண்சுவருக்கு சிமென்ட் ஏன் ஆகாது?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரான்சோஸ் டி தாவோஸ் என்னும் சிற்றூரில், புனித பிரான்சிஸ் அசிசி தேவாலயத்தின் பின்புறம் நின்று பேசுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கட்டடத்தின் சுவர்கள் சுடாத மண்கல்லால் ஆனவை. ஜார்ஜியா ஓ'கீஃபின் ஓவியங்களில் இந்தப் பருத்த முட்டுச்சுவர்களைச் சிலர் பார்த்திருக்கக்கூடும்.

கேமராவைச் சுவரருகே கொண்டு செல்கிறேன். மண்பூச்சில் வைக்கோல் துணுக்குகள் மின்னுவது தெரிகிறதா? மண் காய்ந்து சுருங்கும்போது வெடிக்காமல் இழுத்துப் பிடிப்பவை இவைதான். ஓயாத பராமரிப்பிலிருந்து விடுபட எண்ணி, 1967இல் இந்தச் சுவர்களின்மேல் சிமென்ட் பூசினார்கள். அதில் விழுந்த விரிசல்கள் வழியே இறங்கிய மழைநீர், வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தெரிந்த சுவரை உள்ளுக்குள் இளக்கிவிட்டது. 1979இல் சிமென்ட்டை உரித்தெடுத்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இப்போது ஆண்டுதோறும் ஊரார் கூடிப் பூசுகிறார்கள். இதைக் குறை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மழையில் கரைவதற்கென்றே இடப்படும் பூச்சு அது; அது கரைவதால்தான் சுவர் கரையாமல் நிற்கிறது.

அடிக்கடி பூச ஆளில்லாத இடங்களுக்குச் சுண்ணாம்பு பொருந்தும். அரிசோனாவில் டூசான் நகருக்கு அருகே 1797இல் முடிந்த சான் சேவியர் டெல் பாக் தேவாலயமும், சுட்ட செங்கல் கட்டடமே ஆனாலும், சிமென்ட்டால் இதே துன்பத்தைப் பட்டது. அங்கே சிமென்ட்டை அகற்றி, சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைச் சேர்த்துப் பூசினார்கள். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கும் அமெரிக்கக் கண்டமே தாயகம். மடலை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டால் கொழகொழவென்று சாறு இறங்கும். அந்தப் பசை, காரையிலுள்ள நீரைச் சட்டென்று ஆவியாக விடுவதில்லை. காற்றின் கரியமில வாயுவை ஈர்த்துச் சுண்ணாம்பு மெல்ல இறுகுவதற்கு அந்த ஈரம் தேவை. நம் கொத்தனார்கள் காரையில் கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டியையும் சேர்த்ததும் இந்த வகைப் பக்குவமே.

பாட்டி வீட்டு மண்சுவரில் சுண்ணாம்பு பூசலாமா என்று கேட்பீர்கள். பூசலாம், ஆனால் வழவழப்பான மண்ணில் அது எளிதில் ஒட்டாது. சுவரைக் கொத்திவிட்டு, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே மெல்லிய பூச்சாக இட வேண்டும். ஒன்று இறுகிய பின்னரே அடுத்தது. அதற்கும் முன்னால், சுவரடியில் மழைநீர் தேங்குகிறதா என்று பார்த்து, வடிய வழி செய்துவிடுங்கள்.