கண்ணுக்கு விருந்தே!

நடுவர் அவர்களே, டர்பன் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். ‘வரலாற்றுக் கட்டடங்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர்கள் கண்ணுக்கு விருந்தா, கருத்துக்கு விருந்தா?’ கண்ணுக்குத்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டிய பகுதியைப் புகழ்ந்தார். “விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே!” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோமா? விமானம் சுமார் 60 மீட்டர் உயரம். அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர் என்றால், நடுவிலிருந்து ஓரத்துக்கு 15. மார்ச் 21 நண்பகலில் உச்சியின் நிழல் 12 மீட்டரைக்கூட எட்டாது, அடிக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கே பிறந்திருக்கலாம். டிசம்பர் 21 நண்பகலிலோ சூரியன் தலைக்கு நேரே இல்லை, தெற்கே 34 பாகை சாய்ந்து நிற்கிறது. நிழல் 40 மீட்டர் வடக்கே நீளும். 15 போக மீதி 25 மீட்டர் எங்கே விழும், ஆகாயத்திலா? காலை, மாலை நிழலை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் என்பதும் இதே ரகம்தான். அது பல துண்டுகளை இணைத்துச் செய்தது.

வியக்க வேண்டியது வேறு, ஐயா. விமானத்தின் உட்புறம் வெற்றிடம். ஒவ்வொரு கல் வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு நிற்கிறது. அதனால் பாரம் பெரும்பாலும் நேரே கீழிறங்குகிறது. குவிமாடம் அப்படியல்ல, பக்கவாட்டில் உதைக்கும். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா, பெரிய குவிமாடம் கொண்ட தேவாலயமாக 537இல் முடிந்தது. 557இல் நிலநடுக்கம், 558இல் மாடம் சரிந்தது. அது தட்டையாக இருந்ததால் வெளியுதைப்பு அதிகம். மறுபடி கட்டியவர்கள் மாடத்தைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தி அந்த உதைப்பைக் குறைத்தார்கள். தொடர்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. ட்ரோன் மட்டும் மாடத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்! ‘கணினிப் படம் போட்டு விளக்குகிறார்களே’ என்பார்கள். அந்தப் படத்தில் கற்கள் தாமே பறந்துவந்து உட்காரும். சாரமும் இல்லை, சாந்து இறுகக் காத்திருந்த நாட்களும் இல்லை.

நம்மூருக்கு வருவோம். 1905 வெள்ளத்தில் அழிந்த உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலின் மரக்கதவுகள், 1947இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிய அக்கறை சுவருக்கும் வேண்டாமா? பழைய செங்கல் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபடும். ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளே தங்கும். உப்பு படிகமாகும்போது முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், பிறகு பூச்சே உதிரும். அதைச் சிமென்டால் ஒட்டுப்போட்டாலோ இன்னும் மோசம். சிமென்ட் செங்கலைவிடக் கடினம், ஆகவே அடுத்து உதிர்வது செங்கல்.

எந்தத் தொடர் இதைச் சொன்னது? எதிரணியினர் பழைய கோயில் ஒன்றுக்குப் போனால், நிர்வாகத்தாரிடம் கேட்டுக்கொண்டு விரல் மடக்கிச் சுவரை மெல்லத் தட்டிப் பார்க்கட்டும். ‘பொத் பொத்’ என்று ஓசை வந்தால், அந்த இடத்தில் பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்துவிட்டது.