கச்சானும் கொண்டலும் வாடையும்

நேயர்களுக்கு என் வணக்கம். வானிலைக் கணிப்பில் வாழ்நாளைச் செலவிட்டவன் என்ற முறையில், இராமநாதபுரம் கடற்கரையின் வானத்தையும் பருவங்களையும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வானம் என்றதும் மேகத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் காற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் இந்தக் கரையில், வானம் என்ன செய்யப்போகிறது என்பதை மேகம் திரளும் முன்பே காற்று சொல்லிவிடுகிறது. இங்குள்ள மீனவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். பாம்பனில் படகுக்காரர் ஒருவரும் என்னிடம் மழை வருமா என்று முதலில் கேட்டதில்லை. "சார், வாடை எறங்கிருச்சா?" என்று, வடக்கிலிருந்து வரும் காற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எந்தக் கடலில் தொழிலுக்குப் போகலாம், எந்த வலையை எடுக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

எந்தக் கடல் என்று சொன்னேன் அல்லவா? நமக்கு இரண்டு கடல்கள் இருக்கின்றன. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்: சாலைக்கு ஒரு பக்கம் கடல் தளும்பிக்கொண்டிருக்க, மறுபக்கம் அலை கரையை அறைந்துகொண்டிருக்கும். வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். ஆனால் இந்தக் குணம் ஆண்டு முழுவதும் அப்படியே இருப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடா கொந்தளிக்கிறது, பாக் நீரிணை அடங்கியிருக்கிறது. ஐப்பசி பிறந்து வாடை இறங்கியதும் நிலைமை மாறி, வடகடல் சீறத் தொடங்க, தென்கடல் பெரும்பாலான நாட்களில் சாந்தமாகிவிடுகிறது. அதற்கேற்பப் படகுகளும் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறுகின்றன. மணல் திட்டு ஒன்றின் மேல் நின்றுகொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, இது எந்தப் பருவம் என்று சொல்லிவிடக்கூடிய இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கும்?

கச்சானைப் பற்றி ஒரு குறை நம் மக்களிடம் உண்டு. ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளத்தில் மழை கொட்டுகிறது என்று செய்தியில் கேட்கிறோம், நமக்கோ புழுதிதான் மிஞ்சுகிறது. காரணம் எளிது. அந்தக் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகச் சமவெளியைக் கடந்து நம்மிடம் வருகிறது. தனுஷ்கோடிச் சாலையை மணல் மூடுவதும் அந்தக் காற்றினால்தான். ஆனாலும் கச்சான் காலத்து வானம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரையும் சிறு சிறு மேகங்களின் நிழல், கண்மாய்ப் பரப்பின் மீதும் பனங்காட்டின் மீதும் ஓடிக் கடலுக்குள் இறங்கும். மழை இல்லாத வானத்திலும் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

இப்போது நான் அடிக்கடி பேசும் ஒரு பொருளுக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள், இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று ஒரு பழமொழி உண்டு. நல்ல பழமொழிதான், தமிழகத்தின் பெரும்பகுதிக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் பொருந்தவும் செய்கிறது. ஆனால் நம் கரைக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

ஏன் என்று விளக்குகிறேன். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20 ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. ஐப்பசியில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகள் பெரும்பாலும் சென்னைக்கும் ஆந்திரக் கரைக்கும் போய்ச் சேருகின்றன. சூரியன் தெற்கே போகப் போக, மழையைத் தரும் அந்த மண்டலமும் தெற்கே நகர்கிறது. ஆகவே கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும்போது, கடலில் ஏதேனும் உருவானால் அது நிலநடுக்கோட்டுக்கு அருகில் உருவாகி, இலங்கையைக் கடந்து, நேராக மன்னார் வளைகுடாவுக்குள் வருவதற்கான வாய்ப்பு மிகுதி. வடக்கே மழை ஓய்ந்து, மக்கள் குடையை மடித்து வைக்கும் நாட்களில்தான், நம் கரையில் நாம் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

தனுஷ்கோடியை அழித்த புயல் எந்த மாதத்தில் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 ஆம் தேதி இரவு. மார்கழி பிறந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது. இலங்கையின் வவுனியாவைக் கடந்து வந்த அந்தப் புயல், பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலையும், ஒரு துறைமுக ஊரையும், அங்கிருந்தவர்களில் பலரையும் ஒரே இரவில் கொண்டுபோயிற்று. அன்று விண்ணிலிருந்து புயலைத் தொடர்ந்து காட்டும் செயற்கைக்கோள் நம்மிடம் இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும், பழமொழியை நம்பி மார்கழியில் வானத்தைப் பார்க்காமல் இருப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

புரெவிப் புயலையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் பாம்பனை நெருங்கி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்து, இராமநாதபுரத்துக்கு அருகே மன்னார் வளைகுடாவில் அப்படியே நின்றுவிட்டது. அதை இழுத்துச் செல்ல வேண்டிய மேலடுக்குக் காற்று வலுவிழந்திருந்ததால், நகர வழியில்லாமல் ஒரு நாளுக்கு மேல் அங்கேயே கிடந்து தேய்ந்தது. புயல் நம் வாசலில் நிற்க, பேய்மழையோ வடக்கே கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும் கொட்டியது. வரைபடத்தில் புயலின் மையம் எங்கே என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புதிராகத் தோன்றும். காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஈரத்தோடு, எந்தக் கரையில் போய் முட்டுகிறது என்று பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். மறுபடியும் காற்றிடமே வந்து நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புயலே இல்லாமலும் வானம் நம்மை அதிரவைக்கும். 2024 நவம்பர் 20 ஆம் தேதி இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. நம் மாவட்டத்தின் ஓராண்டு மழையே சுமார் 80 சென்டிமீட்டர்தான். ஆண்டு மழையில் பாதி ஒரே நாளில் ஒரு தீவின் மேல் இறங்கியபோது, மாவட்டத்தின் உட்பகுதிகளில் மழை அதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல், குறுகிய ஒரு பட்டையில் குவிந்து மேலெழுந்தால் இப்படித்தான் ஆகும். "மாவட்டத்தில் கனமழை" என்று நாங்கள் அறிவிக்கும்போது, பக்கத்து ஊரில் வெயில் அடிக்கிறதே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களிடம் இந்த நாளைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். நிலையத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான கருவி காற்றழுத்தமானி. நம் பகுதியில் அழுத்தம், அமைதியான நாளில்கூட ஒரே அளவில் நிற்பதில்லை. காலை பத்து மணிவாக்கில் உச்சத்துக்கு ஏறி, மாலை நான்கு மணிவாக்கில் இறங்கி, இரவு பத்துக்கு மீண்டும் ஏறி, விடியற்காலை நான்குக்கு மீண்டும் இறங்கும். கடலில் நாம் காணும் ஏற்றவற்றத்தைப் போலவே, தலைக்கு மேலுள்ள காற்றுக்கடலிலும் நாளுக்கு இருமுறை ஏற்றவற்றம் உண்டு. அதைக் கண்ணால் காண முடியாது. முள் மட்டும் நகரும். காலை பத்து மணிக்கு ஏற வேண்டிய முள் ஏறாமல் தயங்கினால், வெளியே வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், நான் எழுந்து போய் வடகிழக்கைப் பார்ப்பேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதற்கு முன், சில வேளைகளில் அந்தத் தயக்கம்தான் முதல் செய்தி.

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயிகளைக் குறிப்பிடாமல் இந்த உரை நிறைவு பெறாது. ஆவணியிலும் புரட்டாசியிலும், மழை வருவதற்கு முன்பே, காய்ந்த நிலத்தில் நெல்லைப் புழுதி விதைப்பாக விதைத்துவிட்டு, கொண்டல் வரும் என்று காத்திருக்கிறார்கள். மழை முந்தி வந்து பிறகு நீண்ட நாள் இடைவெளி விட்டால், முளைத்த பயிர் கருகும். ஆகவே அவர்களுக்கு எவ்வளவு மழை என்பதைவிட, முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை நாள் என்பதே பெரிய கேள்வி. அந்த இடைவெளியைக் கணிப்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமானது. நான் மிகுந்த கவலையோடு செய்த வேலையும் அதுதான்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். மார்கழிப் பனியையும், சித்திரை மாதத்து இடிமழையையும் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு வைத்திருந்தேன். பனியை விட்டுவிடுகிறேன். இடிமழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: பங்குனி, சித்திரையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று உள்ளே போய், நிலத்தின் மேல் திரள் மேகம் கோபுரமாக எழுந்து, அதன் உச்சி கொல்லரின் பட்டடைபோல் பரந்துவிட்டால், வெட்டவெளியிலும் உப்பளத்திலும் நிற்காதீர்கள், பனைமரத்தடியிலும் ஒதுங்காதீர்கள், நாட்டுப்படகில் இருப்பவர்கள் உடனே கரை திரும்புங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆன பிறகு வெளியே வந்தால் போதும். வணக்கம்.